வால்டர் டல்லுக்குக் கல்லறை இல்லை

பெயரைத் தமிழில் எழுதினால் 'டல்' என்று வருகிறது, ஆள் அதற்கு நேர் எதிர். வால்டர் டல் (Walter Tull), கால்பந்து வீரர், பிறகு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1888ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் பிறந்தவர். அப்பா கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து வந்த கறுப்பினத் தச்சர், அம்மா இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண். வால்டருக்குப் பத்து வயது ஆவதற்குள் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவின் இரண்டாவது மனைவியால் அத்தனை பிள்ளைகளையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை, அதனால் வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டனில் பெத்னல் கிரீன் அநாதை இல்லத்துக்குப் போனார்கள். அப்புறம் கிளாஸ்கோ குடும்பம் ஒன்று அண்ணனைத் தத்தெடுத்துக்கொள்ள, தம்பி தனியாகிவிட்டார்.

கால்பந்து நன்றாக வந்தது. 1909ல் லண்டனின் டாட்டன்ஹாம் அணி எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பிரிஸ்டலில் ஆடப்போனபோது பார்வையாளர்களில் ஒரு கூட்டம் அவர் நிறத்தை வைத்து அவ்வளவு கேவலமாகக் கத்தியிருக்கிறது. மைதானத்தில் இருந்த நிருபர் ஒருவர், அது பில்லிங்ஸ்கேட்டையும் விடக் கீழான பேச்சு என்று எழுதினார். பில்லிங்ஸ்கேட் லண்டன் மீன் சந்தை. மீன் மார்க்கெட் பேச்சு எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை, அதற்கும் கீழே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நிருபர், அன்று களத்தில் இருந்தவர்களில் முன்மாதிரி டல்தான் என்றும் எழுதினார். ஆனால் கொஞ்ச நாளில் டாட்டன்ஹாம் அவரை இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டது. திட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, திட்டு வாங்கியவர் வெளியே. எனக்கு இது இன்னும் எரிச்சல்.

1911ல் நார்தாம்டன் அணிக்குப் போனார், அங்கே நூறு ஆட்டங்களுக்கு மேல். முதல் உலகப் போர் வந்ததும், 1914 டிசம்பரில், கால்பந்து வீரர்களுக்கென்றே அமைத்த படைப்பிரிவில் சேர்ந்தார். பிரான்சில் சோம் போர்க்களத்தையும் பார்த்தார்.

பிரிட்டிஷ் ராணுவச் சட்டக் கையேடு, வெள்ளையர் அல்லாதவர்கள் அதிகாரியாக இருந்து படையை நடத்துவதற்குத் தடை போட்டிருந்தது. ஆனால் அதிகாரிகள் செத்துக்கொண்டே இருந்தார்கள், ஆள் வேண்டுமே. 1917 மே மாதம் டல் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். இத்தாலியில் பியாவே ஆற்றைத் தாண்டி 26 பேரை எதிரி பக்கம் கூட்டிப்போய், ஒருவரையும் இழக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். பதற்றமில்லாமல் நடத்தியதற்கு மேலதிகாரி எழுத்திலேயே பாராட்டியிருக்கிறார்.

1918 மார்ச் 25, பிரான்சில் ஃபவ்ரூய் அருகே, ஜெர்மன் தாக்குதலில் பின்வாங்கும்போது குண்டு பட்டது. வயது 29. லெஸ்டர் அணி கோல்கீப்பராக இருந்த பில்லிங்ஹாம் என்ற சிப்பாய் அவரைத் தூக்கிவரப் பார்த்திருக்கிறார். எதிரி நெருங்கிவிட்டதால் வழியிலேயே விட்டுவிட்டு ஓடவேண்டியதாயிற்று.

வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்குப் பரிந்துரை போயிருக்கிறது என்று உடன் இருந்த அதிகாரி ஒருவர் கிளாஸ்கோவில் இருந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். பதக்கம் வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. பிரான்சில் அராஸ் நகரின் போர் நினைவுச் சுவரில், காணாமல்போன பல்லாயிரம் பேரோடு, பெயர் மட்டும் இருக்கிறது.