டிரிகர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

புரோட்டான்களை மோதவிடுகிற பெரிய முடுக்கியான எல்எச்சி பற்றி எழுதுகிறவர்கள் ஹிக்ஸ் துகள், கரும்பொருள் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள், எந்த மோதலின் தரவை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று அந்தக் கணமே தீர்மானிக்கிற டிரிகருக்கு மட்டும் ஒரு வரி, அதோடு சரி. என்னைக் கேட்டால், அங்கே எது கண்டுபிடிக்கப்படும், எது யார் கண்ணிலும் படாமலே போகும் என்பது முடிவாகிற இடமே அதுதான்.

கணக்கைப் பாருங்கள். புரோட்டான் கொத்துகள் 25 நானோ வினாடிக்கு ஒரு முறை குறுக்கிடுகின்றன, அதாவது வினாடிக்கு 4 கோடி தடவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெகாபைட் என்று வைத்தாலே வினாடிக்கு 40 டெராபைட். இவ்வளவையும் சேமிக்க வழியில்லை, சேமித்தாலும் பெரும்பகுதி ஏற்கெனவே அலசி முடித்த சங்கதிதான். ஹிக்ஸ் வருவதே நூறு கோடி மோதல்களுக்கு ஒன்று என்ற கணக்கில்.

எல்எச்சியில் மோதல்களைப் பதிவு செய்கிற கருவிகளில் ஒன்றான சிஎம்எஸ் டிடெக்டரில் முதல் கட்ட டிரிகருக்குக் கிடைக்கிற நேரம் சுமார் 4 மைக்ரோ வினாடி. அதற்குள் ஏறத்தாழ 160 குறுக்கீடுகள் நடந்துவிடும் என்பதால், அத்தனையின் தரவும் டிடெக்டரிலேயே உள்ள பைப்லைன் நினைவகத்தில் வரிசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். தீர்ப்பு வருவதற்குள் வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டால் போச்சு. அந்த 4 மைக்ரோ வினாடியும் யோசிப்பதற்கு என்று நினைக்க வேண்டாம். கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போகச் சுமார் 5 நானோ வினாடி ஆகும், நூறு மீட்டர் போய்த் திரும்புவதற்கே ஒரு மைக்ரோ வினாடி காலி. மிச்ச நேரத்தில் எஃப்பிஜிஏ என்ற, தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்புகள், துகள்களின் ஆற்றலை அளக்கிற கலோரிமீட்டரும் மியூவான் என்ற துகளைப் பிடிக்கிற அறைகளும் தருகிற மேலோட்டமான தரவை மட்டும் பார்த்து வினாடிக்கு ஒரு லட்சம் நிகழ்வுகளைத் தேர்ந்தெடுக்கின்றன. அப்புறம் ஏராளமான கணினிகள் சேர்ந்த கம்ப்யூட்டர் பண்ணை அவற்றை முழுதாக அலசிச் சில ஆயிரமாகக் குறைக்கும். அந்தப் பண்ணை தடுமாறினால் பஃபர்கள் நிரம்பி, "கொஞ்சம் நில்" என்ற செய்தி மேலே போய், டிரிகரே நின்றுவிடும். கற்றை பாட்டுக்கு மோதிக்கொண்டேதான் இருக்கும். இந்த டெட் டைமில் போனது போனதுதான்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு டிரிகர் மெனு என்று ஒன்று உண்டு. இவ்வளவு ஆற்றலுக்கு மேல் மியூவான், இவ்வளவுக்கு மேல் ஜெட் (ஒரே பக்கமாகப் பாய்கிற துகள் கூட்டம்) என்று நூற்றுக்கணக்கான நிபந்தனைகள். அளவுக்கு மீறி வருகிறவற்றுக்கு ப்ரீஸ்கேல், ஆயிரத்தில் ஒன்றை மட்டும் எடு என்பது மாதிரி. இங்கேதான் எனக்கு உறுத்தல். மோதல் நடந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்ச் சிதைகிற புதுத் துகள் ஒன்று இருந்து, மெனுவில் அதற்கென்று ஒரு வரி இல்லை என்றால், அது தினமும் வந்து போனாலும் நமக்குத் தெரியாது. தவறான ஆய்வைத் திரும்பச் செய்யலாம், டிரிகர் தள்ளிய நிகழ்வை எங்கே போய்த் தேடுவது?

இந்த உத்தி பழசுதான். 1932இல் இயற்பியலாளர்கள் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும், துகள் போன தடத்தைக் காட்டுகிற மேகக்கூடத்துக்கு மேலும் கீழும், துகள் பட்டால் துடிக்கிற கைகர் கருவிகளை வைத்து, இரண்டும் ஒரே சமயத்தில் துடித்தால்தான் படம் எடுக்கிற மாதிரி செய்தார்கள். குத்துமதிப்பாக எடுத்தபோது வீணான தகடுகள்தான் மிஞ்சின, இதற்குப் பிறகு விண்வெளியிலிருந்து வருகிற காஸ்மிக் துகள் தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது.

இப்போதைக்கு எனக்குப் பிடித்த துணிச்சல், எல்எச்சியின் இன்னொரு டிடெக்டரான எல்எச்சிபியின் குழுவினுடையது. பழைய வன்பொருள் டிரிகர் வினாடிக்கு 10 லட்சத்தோடு நின்றுவிடும், கற்றையின் செறிவைக் கூட்டினால் தேர்வுக்கான ஆற்றல் வரம்பையும் உயர்த்த வேண்டியிருந்தது, அதனால் ஹாட்ரான்களாக (குவார்க்குகளால் ஆன துகள்களாக) சிதைகிற, அவர்கள் ஆராய்கிற பி மீசான் துகள்கள் கூடுதலாகக் கிடைக்கவே இல்லை. 2022இல் தொடங்கிய ஓட்டத்துக்கு முன் அதைக் கழற்றியே போட்டுவிட்டு, எல்லா மோதல்களையும் வெளியே இழுத்து ஜிபியு எனும் வரைகலைச் சிப்புகளில் வடிகட்டுகிறார்கள்.

சிஎம்எஸ்ஸில் ஸ்கவுட்டிங் என்று வேறொரு தந்திரம் இருக்கிறது. மூலத் தரவை விட்டுவிட்டு, பண்ணை கணக்கிட்ட ஜெட், மியூவான் விவரங்களை மட்டும் எழுதினால் ஒரு நிகழ்வுக்குச் சில கிலோபைட்தான், ஆகவே குறைந்த ஆற்றல் நிகழ்வுகளையும் ஏராளமாக வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அளவுத்திருத்தம் மாறினால் மறுபடி முதலிலிருந்து கணக்கிட முடியாது, உண்மைதான். ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ தேவலை.