ஹேவர்டுக்குப் பிறகு யார்? டைனஸ்டி லீக்கில் ஒரு டிஃபென்சிவ் டேக்கிளுக்கு வாரிசு தேடிய அனுபவம்

ஒருவழியாக முடிந்தது. எங்கள் டைனஸ்டி பேன்டஸி லீக்கில் கேமரன் ஹேவர்டுக்கு ஒரு வாரிசைப் பிடித்து, விதிப்படி அணியில் உட்கார வைத்துவிட்டேன். அமெரிக்கக் கால்பந்தான NFL-இன் நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனை அணியாகச் சேர்த்து, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி வாங்கும் விளையாட்டு இது; டைனஸ்டி என்றால் அவர்களை ஆண்டுக்கு ஆண்டு வைத்துக்கொள்ளலாம். பிடித்ததைவிட உட்கார வைப்பதற்குத்தான் அதிகம் பாடுபட வேண்டியிருந்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையும் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தற்காப்பு முன்வரிசையின் உள்ளே நின்று இடிபடும் டேக்கிளுக்கு மாற்று தேடுவது பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை. அதற்காகவே இது.

எங்கள் லீக்கில் 12 அணிகள். டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களையும் தனித்தனியாக எடுக்க வேண்டும், வாரம் 2 டேக்கிள் களமிறங்குவது கட்டாயம். இந்த ஒரு விதிதான் எல்லாவற்றுக்கும் காரணம். நல்ல டேக்கிள்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். வைத்திருப்பவர் விடமாட்டார்.

ஹேவர்ட் என்னிடம் நெடுங்காலமாக இருக்கிறார். 2011 டிராஃப்டில் (கிளப்புகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 31ஆவது ஆளாகப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்தது முதல் வேறு ஜெர்சி போட்டதில்லை. 2021இல் 10 சாக் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), 2022இல் 10.5. அப்புறம் 2023 முதல் ஆட்டத்திலேயே இடுப்படித் தசையில் காயம், அறுவை சிகிச்சை. அந்த சீசன் மொத்தமும் 2 சாக்கோடு முடிந்தது. 34 வயது, முடிந்துபோனார் என்று எங்கள் குழுவில் எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். 2024இல் அவர் 8 சாக் எடுத்து, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் முதல் அணியில் மறுபடியும் இடம்பிடித்தார். 35 வயதில்! அந்த சீசன் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் சந்தையில் அந்தப் பெருமைக்கு விலை கிடையாது. ஆல்-ப்ரோ அறிவிப்பு வந்த சூட்டோடு விற்றுவிட்டு, ஓர் இளம் டேக்கிளையோ, டிராஃப்டில் ஆளெடுக்கும் வாய்ப்பான பிக்கையோ வாங்கலாம் என்று பலரிடமும் கேட்டேன். எங்கள் லீக்கில் கொலம்பஸ் நகரிலிருந்து ஆடும் அண்ணன் ஒருவர் நேராகவே சொன்னார்: "தம்பி, மே வந்தா 36 ஆகப்போறவருக்கு யார் பிக் குடுப்பா? நீங்களே வெச்சுக்கோங்க, பாயின்டாவது வரும்." சொன்னது முற்றிலும் சரி. வயதான லைன்மேன் நம் அணிக்கு எவ்வளவு உழைத்தாலும் அடுத்தவருக்கு அவர் ஒரு பிறந்த தேதி மட்டுமே. ஆகவே அவரை விற்று வாரிசு வாங்கும் வழியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். அவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவரை வைத்துக்கொண்டே, தனியாக ஒரு பிக் ஒதுக்க வேண்டும்.

வாரிசு என்றதும் எல்லோரும் அதே கிளப்பில்தான் முதலில் தேடுவார்கள். ஸ்டீலர்ஸும் சும்மா இருக்கவில்லை. 2021இல் ஐந்தாம் சுற்றில் ஐசையா லவுடர்மில்க், 2022இல் மூன்றாம் சுற்றில் டிமார்வின் லீல், 2023இல் இரண்டாம் சுற்றில் கீயானு பென்டன். ஒவ்வொருவர் வந்தபோதும் "இதோ அடுத்த ஹேவர்ட்" என்று பேச்சு எழுந்தது. லவுடர்மில்க் மாற்று ஆட்டக்காரராகவே தங்கிவிட்டார். லீல் உள்வரிசைக்கா வெளிவரிசைக்கா என்பதே கடைசிவரை தெளிவாகவில்லை. பென்டன் நல்ல ஆட்டக்காரர், எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய முக்கிய வேலை நோஸ் டேக்கிள், அதாவது வரிசையின் நட்டநடுவில் நிற்பது. எதிரணி முன்வரிசையின் சென்டரும் கார்டும் சேர்ந்து அவர் மேல் விழ, அவர் தாங்கிப் பிடிக்க, பின்னாலிருக்கும் லைன்பேக்கர் ஓடிவந்து பந்து வைத்திருப்பவரை வீழ்த்தி, அந்த எண்ணிக்கையை (அதற்கும் டேக்கிள் என்றே பெயர்) வாங்கிக்கொள்வார். கிளப்புக்கு அந்த வேலை பொன். நமக்கு அதில் புள்ளி இல்லை. வாரிசு என்று செய்தியில் வந்தால் போதாது, எந்த இடத்தில் நிற்கப்போகிறார் என்று ஆட்டத்தைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ஆட்டக்காரரின் இடக்குறி, அதாவது அவர் எந்த இடத்தில் ஆடுபவர் என்று பேன்டஸி தளம் காட்டும் குறி.

ஸ்டீலர்ஸின் அடிப்படை அமைப்பு 3-4: முன்வரிசையில் 3 பேர், பின்னால் 4 லைன்பேக்கர்கள். அதில் ஹேவர்ட் காகிதத்தில் டிஃபென்சிவ் எண்ட், வரிசையின் ஓரத்து ஆள். ஆனால் இன்று பெரும்பாலான அணிகள் அதிக நேரம், எறியும் பந்தைத் தடுக்கும் கார்னர்பேக் ஒருவரைக் கூடுதலாக நிறுத்தும் நிக்கல் அமைப்பில்தான் ஆடுகின்றன. அப்போது அவர் உள்ளே வந்து கார்டுக்கு எதிரே டேக்கிளாக நிற்கிறார். இதனால் ஒரு தளம் அவரை எண்ட் என்கிறது, இன்னொன்று டேக்கிள் என்கிறது. நாங்கள் ஆடும் தளத்தில் அவர் எப்போதும் டேக்கிள். 2025 வசந்தத்தில் ஒரு நாள் திறந்து பார்த்தால் எண்ட் என்று மாறியிருந்தது. ஓர் அறிவிப்பும் இல்லை. என் அணியில் பாதி டேக்கிள் பலம் ஒரு எழுத்தில் போய்விட்டது.

உதவி மையத்துக்கு எழுதினேன். "இடக்குறிகள் எங்கள் தரவு வழங்குநரிடமிருந்து வருகின்றன" என்று பதில். அந்த வழங்குநரைக் கண்டுபிடித்து எழுதினால், பொதுமக்களோடு நேரடியாகப் பேசுவதில்லை என்று ஒரு தானியங்கி அஞ்சல். திரும்ப உதவி மையம். இந்த முறை வேறொருவர், அதே வாசகம். நிக்கல் அமைப்பில் அவர் எங்கே நிற்கிறார் என்று படங்களோடு அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி." லீக்கை நடத்தும் எங்கள் கமிஷனரிடம் கேட்டால், தளம் சொல்வதுதான் இறுதி என்றார். ஒரு முழு வசந்தம் இப்படியே போனது. ஜூலையில், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், குறி மறுபடி டேக்கிளாகிவிட்டது! அதற்குள் எனக்கு உறக்கம் போனது போனதுதான்.

உங்கள் லீக்கில் டேக்கிள் கட்டாயம் என்றால் இதைச் செய்துவிடுங்கள்: சீசன் முடிந்த கையோடு எல்லா லைன்மேன்களின் குறியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குறி மாறினால் அந்த ஆண்டு முழுவதும் இரண்டு இடத்திலும் ஆடலாம் என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்துங்கள். எங்கள் லீக்கில் இப்போது அந்த வரி இருக்கிறது. நான் போராடிச் சேர்த்த வரி.

2025 NFL டிராஃப்ட் கிரீன் பேயில் நடந்தது, வீட்டிலிருந்து பார்த்தேன். டேக்கிள்களுக்கு நல்ல ஆண்டு. மேசன் கிரஹாம் 5ஆவதாக கிளீவ்லாந்துக்கு, கென்னத் கிரான்ட் 13ஆவதாக மயாமிக்கு, வால்டர் நோலன் 16ஆவதாக அரிசோனாவுக்கு. 21ஆவது இடத்தில் ஸ்டீலர்ஸ் டெரிக் ஹார்மனை எடுத்தது. மிச்சிகன் ஸ்டேட்டில் தொடங்கி, கடைசி ஆண்டு ஓரிகனுக்கு மாறியவர். அங்கே 5 சாக். 313 பவுண்டு எடையோடு 40 கெஜத்தை 4.95 நொடியில் ஓடியவர். எனக்கு எண்களைவிட முக்கியமாகப் பட்டது அவர் நிற்கும் இடம். கார்டின் தோளுக்கு வெளியே நின்று, நீண்ட கையால் தள்ளி உள்ளே புகும் ஆள். ஹேவர்ட் செய்யும் வேலை அதுதான்.

அன்றிரவே ஹார்மனின் தாயார் மருத்துவமனையில் காலமானார். பெயர் அறிவிக்கப்பட்ட கொஞ்ச நேரத்தில் மகன் அவரிடம் ஓடியிருக்கிறார். ஹேவர்டும் 17 வயதில் தந்தையை இழந்தவர். "அயர்ன்ஹெட்" என்று பிட்ஸ்பர்க் கொண்டாடிய கிரெய்க் ஹேவர்ட் 2006இல் மூளைப் புற்றுநோயில் இறந்தார். இதை வைத்து யாரும் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் அந்த இரவுக்குப் பிறகு என் மனம் வேறு எவரிடமும் போகவில்லை.

மே மாதம் எங்கள் லீக்கின் ரூக்கி (முதல் ஆண்டு ஆட்டக்காரர்) டிராஃப்ட். எனக்கு முந்தைய பிக்கில் கொலம்பஸ் அண்ணன் ஹார்மனை எடுத்துவிட்டார். உடனே அழைத்தேன்.

"அண்ணா, அவரை எனக்கு விட்டுக்கொடுப்பீங்களா?"

"பென்டனும் அடுத்த வருஷ செகண்ட் ரவுண்டும் குடுங்க தம்பி."

பேரம் பேசி, என்னிடமிருந்த பென்டனும் மூன்றாம் சுற்று பிக்கும் என்று இறக்கினேன். அவருக்கு அப்போதைக்கு ஆடக்கூடிய ஆள் வேண்டியிருந்தது, எனக்கு நாளைய ஆள். இருவருக்கும் நியாயமான வியாபாரம்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கமிஷனரிடம் கேட்டேன்: டிரேடில் (ஆள் மாற்று வியாபாரத்தில்) வரும் ரூக்கியை, முதன்மை அணியின் இடத்தைப் பிடிக்காத டாக்ஸி ஸ்குவாடில் வைக்கலாமா? "பிரச்சினை இருக்காது" என்று எழுத்தில் பதில் வந்தது. டிரேட் பதிவானதும் வைக்கப் போனால் தளம் மறுத்தது. மறுபடி கேட்டபோது, "சொந்தமாக டிராஃப்ட் செய்தவர்களுக்கு மட்டும்தான் டாக்ஸி, விதி அப்படி" என்றார். முந்தைய பதிலைக் காட்டினேன். "அது பொதுவாகச் சொன்னது." டிரேடைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆக, உடனே ஆடப்போகாத ஒரு ரூக்கிக்கு முதன்மை அணியில் ஓர் இடத்தைக் கோடை முழுக்கக் கொடுக்க வேண்டியதாயிற்று. கமிஷனர் வாய்ப்பேச்சாகவோ ஒற்றை வரியிலோ சொல்வதை நம்பி வியாபாரத்தை முடிக்காதீர்கள். விதி எண் கேளுங்கள்.

ஆகஸ்ட் 21. கரோலினாவுடன் கடைசிப் பயிற்சி ஆட்டம். ஹார்மன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உள்பக்கத் தசைநார் பிசகு என்றார்கள். அறுவை சிகிச்சை தேவையில்லை, சில வாரம் ஓய்வு போதும். கேட்டதும் நிம்மதி. ஆனால் என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அதிகாரப்பூர்வமாகக் காயப் பட்டியலில் வைத்தால் ஓர் ஆட்டக்காரர் குறைந்தது 4 ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். ஹார்மன் அதற்கு முன்பே திரும்பிவிடுவார் என்று நம்பி ஸ்டீலர்ஸ் அவரை 53 பேர் அணியிலேயே வைத்துக்கொண்டது. கிளப்புக்கு அது சரி. எங்கள் தளத்திலோ, காயப் பட்டியலில் இருப்பவரை மட்டுமே, முதன்மை அணியில் சேராத காய இடத்துக்கு மாற்ற முடியும். வெறும் "ஆடமாட்டார்" என்ற நிலைக்கு அனுமதி இல்லை. அந்த நிலையும்கூட ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமைதான் வெளியாகும். எங்கள் லீக்கில் அணியைக் குறைக்கக் கடைசி நேரம் வியாழன், பிலடெல்பியா–டல்லஸ் தொடக்க ஆட்டத்துக்கு முன்பு. அதே வாரத்தில் ஹேவர்டும் சம்பளத் திருத்தம் கேட்டு, முதல் ஆட்டத்தில் இறங்குவாரா என்பதைச் சொல்லாமல் வைத்திருந்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, ஆல்-ப்ரோவாக ஆடியவர். ஆனால் முதியவரும் இல்லை, வாரிசும் இல்லை என்ற நிலை எனக்கு.

கமிஷனரிடம் கேட்டேன். "ஆடமாட்டார்" நிலையில் இருப்பவரைக் காய இடத்தில் வைக்க விதியில் இடமில்லை என்றார். விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். லீக் வேறொரு தளத்தில் தொடங்கிய காலத்தில் எழுதிய ஒரு பிரிவு கண்ணில் பட்டது: "கிளப் அந்த வாரம் ஆடமாட்டார் என அறிவித்த எவரையும் காய இடத்தில் வைக்கலாம்." யாரும் நீக்கவில்லை. தளம் மாறியபோது அமைப்புகளில் ஒரு கட்டத்தை டிக் செய்ய மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் எல்லோர் முன்னாலும் போட்டேன். அண்ணன்தான் முதலில் ஆதரித்தார். வியாழன் மாலை, நேரம் முடியும் தறுவாயில், கமிஷனர் டிக் செய்தார்.

வியாழனுக்கும் வெள்ளிக்கும் இடையில் ஓர் ஆளைக் கழற்றிவிட வேண்டியிருந்தது. மாற்று டைட் எண்ட் ஒருவரை விட்டேன், மறுநாளே ஒருவர் எடுத்துக்கொண்டார். அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. வெள்ளி மாலை ஹார்மன் பெயருக்குப் பக்கத்தில் குறி வந்தது, மாற்றினேன், காலியான இடத்தில் ஸ்டீலர்ஸின் ஐந்தாம் சுற்று ரூக்கி யாயா பிளாக்கை எடுத்தேன். 2025க்கு முன் ஸ்டீலர்ஸ் லாரி ஒகுன்ஜோபியை விடுவித்திருந்ததால் உள்வரிசையில் ஆட்ட நேரம் காலியாக இருந்தது. அதுவும் கணக்கில் உண்டு. ஹேவர்டின் விவகாரமும் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்பு சுமுகமாகத் தீர்ந்தது.

மூன்று ஆட்டம் தவறிய பிறகு, செப்டம்பர் 28 அன்று டப்ளினில் மினசோட்டாவுக்கு எதிராக ஹார்மன் முதல்முறை இறங்கினார். இங்கே, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி, காலை 9:30 மணி ஆட்டம். ஐரோப்பாவில் ஆட்டம் இருக்கும் வாரங்களில் அணி பூட்டப்படும் நேரமும் காலைக்கு வந்துவிடும். காய இடத்திலிருந்து ஆளை முந்தைய இரவே எடுத்துவிடுங்கள். நான் சனிக்கிழமை இரவே எடுத்துவிட்டேன்.

ஹேவர்டின் ஒப்பந்தம் 2026 வரை இருக்கிறது. அதுவரை அவரே என் முதல் டேக்கிள், ஹார்மன் இரண்டாவது. புது டேக்கிள்களுக்குப் புள்ளி மெதுவாகத்தான் வரும், சுழற்சியில் ஆட்ட நேரம் குறைவாக இருக்கும். முதல் ஆண்டு எண்களைப் பார்த்து யாராவது உங்களிடம் அவரை மலிவாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், அதில் ஒருவர் கொலம்பஸ் அண்ணன்.