ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சருக்கு எந்த ஸ்கேன்? மயிலாப்பூரில் நாங்கள் பட்ட பாடு

மகளுக்குத் தையில் அரங்கேற்றம் என்று நாள் பார்த்து, சபாவுக்கு அட்வான்ஸும் கட்டியாயிற்று. ஐப்பசியில் கிளாஸ் நேரம் இரட்டிப்பானது. கூடவே இடது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே உள்பக்கமாக, ஒரு வலி. முதலில் தட்டி ஆடும்போது மட்டும் இருந்தது, பிறகு மாடிப்படி ஏறும்போதும். கடைசியில் படுத்திருக்கும்போதே குடைச்சல்.

பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்கு. சதைப்பிடிப்புதான், ஆயின்மென்ட் தடவுங்க, ஆடலாம்." ஆடினாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எக்ஸ்ரே எடுத்தது தப்பில்லை, எந்த டாக்டரும் அதில்தான் ஆரம்பிப்பார். ஆனால் எலும்பில் திரும்பத் திரும்ப அடி விழுந்து வரும் இந்த மயிரிழை விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் 100 பேரில் 15 முதல் 35 பேருக்குத்தான் தெரியுமாம். இரண்டு மூன்று வாரம் போய், எலும்பு தன்னை ஒட்டவைக்கப் புது எலும்பு போட ஆரம்பித்தால்தான் படத்தில் ஏதாவது விழும். சிலருக்குக் கடைசிவரை விழாது. ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக வந்தும் எலும்பின் மேல் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வலி நிற்கிறது என்றால், "நார்மல்" என்ற அந்தத் தாளை நம்பிக் காலை ஊன்றி ஆடவிடாதீர்கள்.

அடுத்துப் போனது அடையாறு பக்கம் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஆர்த்தோ டாக்டரிடம். கட்டைவிரலால் எலும்பு நெடுக அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் கைபட்டதும் இவள் துள்ளிவிட்டாள். பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று அவளிடமே கேட்டார். வைட்டமின் டி டெஸ்ட் எழுதினார் (குறைவாகத்தான் இருந்தது). இந்த வயதுப் பெண்களுக்குக் காலைவிட முக்கியமான கேள்விகள் இவை என்றார். முந்தைய இடத்தில் யாருமே கேட்கவில்லை.

எந்த ஸ்கேன் என்பதில் நான் குடைந்து குடைந்து கேட்டேன். உறவுக்காரர் ஒருவர் போன் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். அதில் கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி, சில மணி நேரம் காத்திருந்து படம் எடுப்பார்கள். பாதிப்பை விடாமல் பிடித்துவிடும், ஆனால் பளிச்சென்று தெரிவது விரிசலா, கிருமியா, கட்டியா என்று பிரித்துச் சொல்லாது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கதிர்வீச்சு எதற்கு என்று டாக்டரே ஒதுக்கிவிட்டார். சிடி ஸ்கேனில் விரிசல் கோடு துல்லியமாகத் தெரியும், ஆனால் கோடு விழுவதற்கு முந்தைய கட்டத்தைத் தவறவிடும். பாதத்தின் நடுவில் இருக்கும் நேவிகுலர் எலும்பு மாதிரி சில இடங்களுக்கு மட்டும் அதைக் கேட்பாராம். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது, எலும்பு மஜ்ஜையில் நீர் கோர்க்கத் தொடங்கும்போதே காட்டிவிடும். எம்ஆர்ஐ, இடது டிபியா (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு), கான்ட்ராஸ்ட் (ஊசியில் ஏற்றும் மருந்து) வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

இனிமேல்தான் கூத்து. ஸ்கேன் சென்டர் கவுன்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "பாதம், ஆங்கிள், முட்டி இருக்கு மேடம். இது லிஸ்ட்ல இல்லையே."

"ஏம்மா, டாக்டர் தெளிவா எழுதியிருக்காரே?"

"கிட்டத்தட்ட ஆங்கிள்தான் மேடம். அதுலயே வந்துடும்."

7,000 ரூபாய்க்கு மேல் பில். உள்ளே கணுக்காலை நடுவில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். வலி இருக்கும் இடம் வரும் முன்பே படம் முடிந்துவிட்டது. மறுநாள் ரிப்போர்ட்டில் கணுக்கால் மூட்டு, தசைநார் எல்லாம் நார்மல். டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் கேட்ட இடமே இதுல இல்லையேம்மா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

திரும்பப் போனேன். மறுபடி பில் போடத்தான் பார்த்தார்கள். கவுன்டரில் சண்டை போட்டுப் பயனில்லை என்று, ரேடியாலஜிஸ்ட்டைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து சீட்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டணமில்லாமல் மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார். டாக்டர் சீட்டின் ஒரிஜினலை எங்கேயும் கொடுத்துவிடாமல் வைத்திருந்ததால்தான் இது நடந்தது. கவுன்டரில் வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், போதும்.

இந்த முறை டெக்னீஷியன் தம்பி கெட்டிக்காரர். "எங்க வலிக்குது, ஒரே விரலால காட்டும்மா" என்று கேட்டு, அந்த இடத்தில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை, அந்தப் பச்சைக் குழகுழ கேப்ஸ்யூலை, பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். உள்ளே எண்ணெய் இருப்பதால் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், வலிக்கும் இடம் எது என்று ரிப்போர்ட் எழுதுகிறவருக்குச் சந்தேகமே வராது. நீங்கள் போகும்போது நீங்களே கேட்டுப் பாருங்கள். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் ஃபேட் சப்ரஷன் படங்களும் உண்டா என்று கேளுங்கள், மஜ்ஜையில் கோர்த்த நீர் அதில்தான் பளிச்சென்று தெரியும். கொலுசை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். இவள் கொலுசின் திருகாணி இறுகிப்போய், சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றுவதற்குள் பின்னால் டோக்கன் வாங்கியவர் உள்ளே போய்விட்டார். சவுரிமுடி ஊசி, ஹேர்பின்னும் அப்படியே.

ரிப்போர்ட் வந்தது: கிரேடு 3. இது ஃப்ரெடெரிக்சன் என்பவர் 1995இல் வகுத்த கணக்காம். எலும்பின் மேலுறையில் மட்டும் நீர் இருந்தால் 1. எம்ஆர்ஐயில் டி1, டி2 என்று இரண்டு வகைப் படம் எடுப்பார்கள். மஜ்ஜையிலும் இறங்கி, டி2 படத்தில் மட்டும் தெரிந்தால் 2. டி1 படத்திலும் தெரிந்தால் 3. கோடே விழுந்துவிட்டால் 4. நல்லவேளை, எலும்பின் உள் ஓரத்தில்தான் இருந்தது. முன்பக்க விளிம்பில் இருந்திருந்தால் ஆறுவது கடினம், ஆபரேஷன் வரை போகலாம் என்றார் டாக்டர். வாரக்கணக்கில் ஆட்டம் கிடையாது, தை அரங்கேற்றமும் கிடையாது. சபாக்காரர்கள் முணுமுணுக்காமல் தேதியை மாற்றிக் கொடுத்தார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மெடிக்ளெய்மில், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகாமல் எடுத்த ஸ்கேனுக்குப் பைசா வராது என்றுவிட்டார்கள். உங்கள் பாலிசியில் ஓபிடி (அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியச் செலவு) உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அரசுப் பெரிய மருத்துவமனைகளிலும் எம்ஆர்ஐ உண்டு, கட்டணம் வெளியில் வாங்குவதைவிடக் குறைவு, காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நடுவில் இன்னொரு எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். வலி போன பிறகும் மாதக்கணக்கில் படத்தில் நீர் தெரியும், அதைப் பார்த்து நீங்கள்தான் வீணாகப் பயப்படுவீர்கள் என்றார். அழுத்தினால் வலியில்லை, ஒற்றைக் காலில் குதித்தாலும் வலியில்லை என்றால் மெல்ல ஆரம்பிக்கலாமாம். மிச்சமான பணத்தில் டீச்சர் வீட்டு மொசைக் தரைமேல் மரப்பலகைத் தளம் போட்டுத் தருகிறோம் என்று நானும் மற்ற அம்மாக்களும் சொல்லிப் பார்த்தோம். பலகையில் தட்டினால் சத்தம் சரியாக வராது என்கிறார் டீச்சர். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.