படகில் குடியிருக்கும் நண்பர்

குளிர் வந்துவிட்டது. படகிலேயே குடியிருக்கும் நண்பர் நேற்று கரையிலிருந்து படகுக்குக் கரண்ட் எடுக்கும் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். ஒரு முள் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடியிருக்கிறது. பிளக் கொஞ்சம் தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ அங்கேதான் சூடு ஏறும்.

எனக்கு அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்போரோ ஞாபகம் வந்தது. 2020 ஜனவரி 27, நள்ளிரவு தாண்டிய நேரம். டென்னசி ஆற்றுப் படகுத்துறையில் ஒரு படகில் பிடித்த தீ, மரத்தளத்தோடு 35 படகுகளைத் தின்றது. கரைக்குப் போகும் வழியை நெருப்பு மறித்துக்கொள்ள, தூக்கத்தில் எழுந்தவர்கள் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் குதித்தார்கள். 8 பேர் இறந்துபோனார்கள்.

நண்பர் புது பிளக் வாங்கிவிட்டார். புகை அலாரம்? "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். சரி, நானே வாங்கிக்கொண்டு போகிறேன்.