ஆய்வகத்துக்கு கேஸ் கேபினட், டிடெக்டர் வாங்கும்போது எங்கெங்கே இடிக்கும்

எங்கள் ஆய்வகத்தில் சிலேன், ஹைட்ரஜன், அம்மோனியா ஆகிய ஆபத்தான கேஸ்கள் மூன்றுக்கும் கேபினட் (சிலிண்டரை உள்ளே வைத்து, கசிவை எக்ஸாஸ்டில் வெளியேற்றும் பெட்டி), பைப்லைன், டிடெக்டர் (கசிவைக் கண்டு அலாரம் தரும் கருவி) எல்லாம் வந்து, ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டன. இதே வேலைக்கு இப்போது ஸ்பெசிஃபிகேஷன் எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன். கமிட்டி, கொட்டேஷன் ஒப்பீடு, பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் மற்ற உபகரணங்களுக்கு நடப்பதுபோலவே நடந்து முடிந்தன. இழுத்தடித்தது ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடங்கள்தான். சிலிண்டர் ஒரு கம்பெனி, கேபினட் ஒரு கம்பெனி, டிடெக்டர் வேறொருவர், எக்ஸாஸ்ட் டக்ட் இன்னொரு கான்ட்ராக்டர். அவரவர் பங்கு சரியாக இருந்தது. நடுவில் இருந்த மூட்டுகளை ஏற்க ஆள் இல்லை.

முதல் மூட்டு சிலிண்டர் வால்வு. கேபினட்டின் பிக்டெயில், அதாவது சிலிண்டரை கேபினட் பேனலோடு இணைக்கும் குழாய், சி.ஜி.ஏ. 350 (அமெரிக்க வால்வு இணைப்புத் தர எண்) முனையோடு வந்தது. கேஸ் சப்ளையர் அனுப்பிய சிலிண்டரில் டிஸ் 632 என்கிற வேறு வகை இணைப்பு. இரண்டுமே சிலேனுக்குப் பயன்படும் இணைப்புகள்தான், ஆனால் ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. ஹைட்ரஜனிலும் இதே தொல்லை வரும்: சில சப்ளையர்கள் பி.எஸ். 341 நம்பர் 4 (பிரிட்டிஷ் தரம்), சிலர் டின் 477 நம்பர் 1 (ஜெர்மன் தரம்), சிலர் சி.ஜி.ஏ. 350 தருவார்கள். மூன்றுமே இடக்கை மரைதான், அளவு வேறு. அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தவறான கேஸ் தவறான லைனில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த முனைகளை வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது எளிது. கேபினட் ஆர்டர் போடுவதற்கு முன்பே கேஸ் சப்ளையரிடம் வால்வின் நம்பரை எழுத்தில் வாங்கி, அதை கேபினட் ஸ்பெக்கில் அப்படியே போடுங்கள். டிஸ் என்றால் மெட்டல் கேஸ்கெட் உண்டு. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் புதுசு போட வேண்டும், பழையதை மறுபடி இறுக்கினால் கசியும். கேபினட் பேனலில் உள்ள வி.சி.ஆர். என்கிற, மெட்டல் கேஸ்கெட் வைத்து இறுக்கும் குழாய் மூட்டுகளுக்கும் இதே விதிதான். கேஸ்கெட் பெட்டியை முதல் ஆர்டரிலேயே சேர்க்காவிட்டால் முதல் சிலிண்டர் மாற்றத்திலேயே வேலை நின்றுவிடும்.

சிலேன் சிலிண்டரில் இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும்: வால்வின் வாயிலேயே பொருத்தும் ஆர்.எஃப்.ஓ. என்கிற சிறு துளை, 0.25 மி.மீ. விட்டம். பிக்டெயில் முறிந்தாலும் அந்தத் துளை வழியாக வரக்கூடிய அளவுதான் கேஸ் வெளியேறும், கேபினட்டின் எக்ஸாஸ்ட் அதைச் சமாளிக்கும். சிலேன் காற்றில் பட்டதும் தானே பற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசம், உடனே பற்றாமல் தேங்கி நின்று பிறகு பற்றுவது. அப்போது நெருப்போடு போகாது, வெடிக்கும். ஆர்.எஃப்.ஓ.வை சப்ளையர் கேஸ் நிரப்புவதற்கு முன்பே போட்டு அனுப்ப வேண்டும், ஆய்வகத்தில் வைத்துப் பொருத்த முடியாது. ஆர்டரில் எழுதாமல் விட்டு, இல்லாத சிலிண்டர் வந்தால் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

பர்ஜ் நைட்ரஜன், அதாவது லைனில் உள்ள கேஸை வெளியேற்றிச் சுத்தம் செய்ய விடும் நைட்ரஜன் விஷயத்தில் வரைபடத்தைக் கோடு கோடாகப் பாருங்கள். எங்களுக்கு வந்த முதல் டிராயிங்கில் கட்டிடத்தின் பொது நைட்ரஜன் லைனிலிருந்தே ஒரு டீ போட்டு பர்ஜுக்கு எடுத்திருந்தார்கள். செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் கேஸை விடும் வால்வு) இருக்கிறதே என்று பதில் வந்தது. செக் வால்வு நாளடைவில் கசியக்கூடிய சாமான். அது கசிந்தால் சிலேன் பின்னோக்கி ஏறி, பக்கத்து அறையில் குளோவ் பாக்ஸுக்கு நைட்ரஜன் திறக்கிறவர் கைக்கு வந்து சேரும். பர்ஜுக்குத் தனி நைட்ரஜன் சிலிண்டர் வேண்டும். ஒன்றோடொன்று சேரக்கூடாத கேஸ்களுக்கு அதையும் பகிரக் கூடாது. கொஞ்சம் வாதாடித்தான் மாற்ற வைக்க முடிந்தது, ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எக்ஸாஸ்ட்: கேபினட் ஜன்னலைத் திறந்து வைத்து அளந்தால் காற்று வேகம் சராசரி நொடிக்கு 1 மீட்டர், எந்தப் புள்ளியிலும் 0.76 மீட்டருக்குக் குறையக் கூடாது. இந்த எண்ணையும் கேபினட்காரர் கேட்கும் ஸ்டேட்டிக் பிரஷரையும் (டக்டில் இருக்க வேண்டிய உறிஞ்சும் அழுத்தம்) டக்ட் கான்ட்ராக்டரின் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

இனி டிடெக்டர். ஹைட்ரஜனுக்கு இன்ஃப்ராரெட் வகையை யாராவது கோட் செய்தால் அங்கேயே நிராகரித்துவிடலாம், அதற்கு ஹைட்ரஜன் தெரியாது. கேஸை எரித்து அளக்கும் கேட்டலிட்டிக் வகை வேலை செய்யும். காற்றில் ஹைட்ரஜன் வெடிக்கத் தொடங்கும் கீழ் எல்லை 4 சதவீதம். அதில் 10 சதவீதத்தில், அதாவது காற்றில் 0.4 சதவீதம் ஹைட்ரஜன் வந்ததும் முதல் அலாரம், 20 சதவீதத்தில் வால்வு மூட வேண்டும் என்று வைத்தோம். அம்மோனியாவுக்கு அலாரம் 25 பி.பி.எம். என்றால் ரேஞ்ச் 0–100 போதும். 0–1000 ரேஞ்ச் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் 25 என்பது ஸ்கேலின் அடியில், பூஜ்யம் நகர்வதோடு கலந்து கிடக்கும். கார்பன் மோனாக்சைடுக்கான எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் (வேதிவினை மூலம் அளப்பது) ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடாகக் காட்டும். ஹைட்ரஜன் ஃபர்னஸ் பக்கத்தில் அதை வைக்க வேண்டியிருந்தால் ஹைட்ரஜனுக்கு ஈடுசெய்த வகையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பொய் அலாரம் கேட்டுக் கேட்டு, ஆட்கள் ஒலியை அணைக்கப் பழகிவிடுவார்கள். நிஜக் கசிவு வரும்போதும் அதையேதான் செய்வார்கள்.

மனதை மிகவும் நோகடித்தது சென்சாரின் வயது. அம்மோனியா போன்றவற்றை அளக்கும் எலக்ட்ரோகெமிக்கல் செல் பெட்டிக்குள் இருந்தாலும் தேய்ந்துகொண்டே இருக்கும். டிடெக்டர்காரர் எல்லாவற்றையும் ஒரே கன்சைன்மென்டில் அனுப்பிவிட்டார். டக்ட் வேலை முடியும்வரை அவை ஸ்டோரில் கிடந்தன. கமிஷனிங்கில், அதாவது எல்லாவற்றையும் முதன்முதலாக இயக்கும்போது பார்த்தால் வாரண்டி டிஸ்பாட்ச் தேதியிலிருந்து எண்ணப்பட்டிருந்தது, செல்லின் ஆயுளில் பெரும் பகுதி போய்விட்டது. அவரிடம் பேசிப் பலனில்லை, ஆர்டரில் எழுதியிருந்த வாசகம் அவர் பக்கம். ஆகவே மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: சென்சார் செல்கள் கமிஷனிங் தேதி உறுதியான பிறகு தனியாக வர வேண்டும், தயாரிப்புத் தேதி செல்லின் மேலேயே இருக்க வேண்டும், வாரண்டி கமிஷனிங் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

கேலிபரேஷன் கேஸ் இன்னொரு பொறி. ஹைட்ரஜன் டிடெக்டரைச் சோதிக்க 2 சதவீத ஹைட்ரஜன் சிலிண்டர் கேட்டிருந்தோம், வெடிப்பு எல்லையான 4 சதவீதத்தில் அது பாதி என்பதால் திரையில் 50 என்று காட்ட வேண்டும். கேஸைக் காட்டியதும் எண் கொஞ்சம் ஏறி, அப்படியே கீழே இறங்கிவிட்டது. எந்த டிடெக்டரிலும் அதே கதை. வந்த டெக்னீஷியன் சென்சார் எல்லாமே பழுது என்று எழுதத் தயாராகிவிட்டார். சிலிண்டர் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் மீதி 98 சதவீதம் நைட்ரஜன். கேட்டலிட்டிக் சென்சார் கேஸை எரித்துத்தான் அளக்கிறது, எரிய ஆக்சிஜன் வேண்டும். காற்றில் கலந்த சிலிண்டர் வந்ததும் அதே டிடெக்டர்கள் அம்பதைத் தொட்டன, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. அதற்கு மேலே ஓடும் டக்டின் மூட்டுகளை சிலிக்கோன் சீலன்ட் வைத்து அடைத்திருந்தார்கள், டிடெக்டர் மாட்டிய பிறகு. சிலிக்கோன் ஆவி கேட்டலிட்டிக் சென்சாருக்கு விஷம். இப்படிச் செத்த சென்சார் பூஜ்யத்தைச் சமர்த்தாகக் காட்டிக்கொண்டே இருக்கும், ஃபால்ட் லைட்கூட எரியாது. கேஸ் காட்டிச் சோதித்தால்தான் தெரியும். சிவில் வேலை, பெயின்ட், சீலன்ட் எல்லாம் காய்ந்து முடியும்வரை சென்சார் தலையை மாட்ட விடாதீர்கள்.

அக்செப்டன்ஸ் டெஸ்ட் (ஏற்புச் சோதனை) என்று சப்ளையர் கொண்டுவந்த தாளில் இருந்தது டெஸ்ட் பட்டனை அழுத்துவது மட்டுமே. விளக்கு எரிந்தது, ஹார்ன் ஒலித்தது, பாஸ். நாங்கள் டிடெக்டர் கேபிளை டெர்மினலிலிருந்து கழற்றினோம். டிடெக்டர் தன் அளவீட்டை அனுப்பும் 4–20 மில்லியாம்பியர் சிக்னல் பூஜ்யமாகிவிட்டது, அலாரம் பேனலில் ஃபால்ட் வந்தது, சிலிண்டர் பக்கத்தில் காற்றழுத்தத்தால் திறந்து நிற்கும் நியூமேட்டிக் வால்வோ திறந்தபடியே இருந்தது. வால்வை இயக்கும் ரிலேயை (மின் ஸ்விட்ச்) அலாரம் வந்தால் மட்டும் இழுக்கும்படி வயர் செய்திருந்தார்கள். எப்போதும் இழுத்த நிலையில் இருந்து, அலாரம், ஃபால்ட், கரண்ட் கட் எது வந்தாலும் விடுபட்டு வால்வை மூடும்படி மாற்றச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் முழுச் சோதனை: நிஜ கேஸ் காட்டி, ஸ்டாப்வாட்ச் வைத்து வால்வு மூடும்வரை நேரம் எடுப்பது, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துவது, பேனலின் கரண்டை எடுப்பது, வால்வுக்குப் போகும் காற்றழுத்தத்தை இறக்குவது. நான்கிலும் வால்வு தானாக மூட வேண்டும். இவ்வளவையும் லைனில் நைட்ரஜன் வைத்தே முடித்துவிடலாம். ஹீலியம் லீக் டெஸ்ட் ரிப்போர்ட்டும் இந்தச் சோதனைத் தாளும் கையில் வராமல் சிலேனை ஏற்றாதீர்கள், கடைசித் தவணைப் பணத்தையும் விடாதீர்கள்.

ஒரே நாளில் மாட்டிய செல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் தீரும். அடுத்த செட்டின் விலையையும், கேலிபரேஷன் கேஸ் சிலிண்டரின் விலையையும் முதல் ஆர்டரிலேயே நிர்ணயித்துவிடுங்கள். குறைந்த பி.பி.எம். அம்மோனியா போன்ற கலவைகள் சீக்கிரம் காலாவதியாகும் என்பதால் அதை மொத்தமாக வாங்கி வைக்க வேண்டாம், செல் மாற்றும் மாதத்துக்கு ஒட்டி வரும்படி கேளுங்கள்.