அது எவ்வளவு தூரத்தில் இருந்தது?

மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்துவிட்டால் என் போனுக்கு வீடியோக்கள் வர ஆரம்பித்துவிடும். பழைய மாணவர்கள், சக ஆசிரியர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று யார் யாரோ அனுப்புவார்கள். கருப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி நடுங்கிக்கொண்டிருக்கும். பின்னால் "டேய், அங்க பாரு, அங்க பாரு" என்று ஒரு குரல் கேட்கும். கீழே வழக்கமான கேள்வி: "சார், இது யுஎஃப்ஓவா?" அடையாளம் தெரியாத பறக்கும் பொருளா என்று கேட்கிறார்கள்.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பள்ளியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதை அவ்வப்போது தெருமுனையில் வைத்து நிலாவையும் சனி வளையத்தையும் காட்டுவேன். அதனால் வானத்தில் என்ன தெரிந்தாலும் புகார் என்னிடம்தான் வரும்.

அனுப்புகிறவர்களைக் கிண்டல் செய்ய எனக்குப் பிடிக்காது. "சரக்கு ஓவரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்களைத்தான் பிடிக்காது. பார்த்தேன் என்று சொல்கிறவர் அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார். வெளிச்சம் இருந்தது, அதை அவர் பார்த்தார். சிக்கல் அதற்கு அடுத்த வாக்கியத்தில் வரும். "ஜெட் வேகத்துல போச்சு சார்." "ஒரு வீடு சைஸ் இருக்கும்." "தென்னை மர உயரத்துல நின்னுச்சு." வேகம், அளவு, உயரம் இந்த மூன்றையும் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது எவ்வளவு தூரத்தில் இருந்தது?

இருட்டில், வெறும் வானத்தில், ஒற்றை வெளிச்சத்தின் தூரத்தைக் கண்ணால் சொல்லவே முடியாது. தரையில் என்றால் மரம், கம்பம், மாடு என்று ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும். இரண்டு கண்ணாலும் பார்த்து ஆழம் அறிகிற வித்தையும் கொஞ்ச தூரத்துக்குத்தான் செல்லும். அதற்கு மேலே இருநூறு மீட்டரில் நிற்கிற ட்ரோனும், பத்து கிலோமீட்டர் உயரத்தில் நம்மை நோக்கி வருகிற விமானமும், நானூறு கிலோமீட்டரில் சுற்றுகிற விண்வெளி நிலையமும், பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற வெள்ளிக் கோளும் கண்ணுக்கு ஒரே புள்ளிதான். மூளை சும்மா இருக்காது. ஏதோ ஒரு தூரத்தைத் தானாகவே வைத்துக்கொண்டு மற்ற கணக்கையெல்லாம் அதிலிருந்து போட்டுவிடும்.

"படிக்காதவங்க ஏமாறலாம் சார், ராணுவம் ஏமாறுமா?" என்று கேட்பவர்களுக்கு லடாக் கதையைச் சொல்வேன்.

2012-இல் பாங்காங் ஏரிப் பக்கம் காவலில் இருந்த நம் வீரர்கள் சீன எல்லைப் பக்கமிருந்து மஞ்சள் நிற வெளிச்சங்கள் எழுந்து, மணிக்கணக்கில் வானத்தில் நகர்ந்து, மறைந்துபோவதைப் பார்த்தார்கள். உளவு ட்ரோன் என்று சந்தேகம். சந்தேகப்படாவிட்டால்தான் தப்பு, அவர்கள் வேலையே அது. அன்றைய பத்திரிகைச் செய்திகளின்படி மலை உச்சிக்கு ரேடாரைக் கொண்டுபோனார்கள், ரேடாரில் ஒன்றும் விழவில்லை. சிறிய ட்ரோன் ஒன்றை மேலே ஏற்றினார்கள், அதனால் ஏற முடிந்த உயரம்வரை ஏறியும் எதையும் பிடிக்க முடியவில்லை. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை மொத்தம் 329 முறை பார்த்ததாகவும், அதில் 155 முறை அவை எல்லை தாண்டி வந்ததாகவும் ராணுவம் பதிவு செய்து வைத்தது.

கடைசியில் பெங்களூருவில் இருக்கிற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். எங்கள் மாவட்டத்துக் காவலூர் ஆய்வகத்தையும், லடாக்கில் ஹான்லே ஆய்வகத்தையும் நடத்துகிறவர்கள் அவர்கள்தான். பதில் வந்தது: அவை வியாழனும் வெள்ளியும்.

அந்த மாதங்களின் வானத்தை யோசித்தால் இது ரொம்பச் சரியாகப் பொருந்தும். வெள்ளி அப்போது விடிகாலைக் கிழக்கில் இருந்தது. வியாழன் 2012 டிசம்பர் முதல் வாரத்தில் வானத்தில் சூரியனுக்கு நேரெதிரே வந்தது. சூரியன் மறைகிற நேரத்துக்குக் கிழக்கில் எழுந்து, ராத்திரி முழுக்க வானத்தைக் கடந்து, விடியும்போது மேற்கில் இறங்கும். பாங்காங்கில் கிழக்கு என்றால் சீனப் பக்கம். எதிரிப் பக்கமிருந்து கிளம்பி நம் தலைக்கு மேலே வந்து இந்தப் பக்கம் போய் மறைகிற ஒன்றை எல்லைக் காவல்காரர் வேறு எப்படி எழுதுவார்? ஏரி இருப்பது நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில். அங்கே காற்று மெலிந்தது, தூசி இல்லை, கோள்கள் நம் ஊரில் தெரிவதைவிடப் பிரகாசமாகத் தெரியும். வியாழன் பூமிக்கு மிக அருகில் வந்த அந்த நாட்களிலேயே அது இருந்த தூரம் சுமார் 60 கோடி கிலோமீட்டர். ரேடார் எப்படிப் பிடிக்கும், பாவம்.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அவர்கள் நேரத்தையும் திசையையும் ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான் விடையே கிடைத்தது. நம் வாட்ஸ்அப் வீடியோக்களில் அந்த இரண்டும் இருக்காது.

வீட்டிலேயே எனக்கு ஒரு லடாக் உண்டு. அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஓசூரில் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிருஷ்ணகிரி, பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி என்று போவார். ஒருநாள் விடியாத நேரத்தில் போன் வந்தது.

"மச்சான், பர்கூர் தாண்டுனதுல இருந்து ஒண்ணு எங்கூடவே வருது. வண்டிய நிறுத்துனா நிக்குது, எடுத்தா வருது. மலை மறைச்சா காணோம். மலை தாண்டுனா திரும்ப அதே எடத்துல."

"எந்தப் பக்கம் மாமா?"

"ஏலகிரிப் பக்கம். கலர் கலரா மாறுது வேற."

"மாமா, அது விடிவெள்ளி."

"விடிவெள்ளி எனக்குத் தெரியாதா? ஏர் ஓட்டுன காலத்துல இருந்து பாக்குறேன்!"

அவர் சொன்னது சரிதான், அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வயல் வரப்பில் நின்று பார்த்த வெள்ளி வேறு, ஓடுகிற லாரியின் கண்ணாடி வழியாகப் பார்க்கிற வெள்ளி வேறு. பக்கத்து மரங்கள் பின்னால் ஓடும், தூரத்து மலை மெதுவாக நகரும், வெள்ளியின் திசை மட்டும் மாறவே மாறாது. அதனால் மூளைக்கு அது கூடவே வருகிற மாதிரி இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த எந்தக் குழந்தையும் நிலாவைப் பற்றி இதைச் சொல்லும். அடிவானத்துக்கு அருகே இருக்கும்போது காற்றின் அடர்த்தி மாறி மாறி ஒளியைச் சிதறடிப்பதால் சிவப்பும் பச்சையுமாக மின்னும். "ஒரு கடையில நிறுத்தி டீ குடிச்சிட்டுப் பாருங்க, கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், வெளுக்க வெளுக்க மங்கும்" என்றேன். திரும்பக் கூப்பிட்டார். மங்கிவிட்டதாம். "ஆனாலும் அது வெள்ளி இல்ல மச்சான்." இன்றும் விசேஷ வீடுகளில் அவர் சொல்கிற கதையில் நான் ஒன்றும் தெரியாத வாத்தியார்.

"நின்னுக்கிட்டே அப்படி இப்படி ஆடுச்சு சார்" என்பது அடுத்த ரகம். இதற்கு நான் பதில் சொல்வதில்லை, செய்து காட்டிவிடுவேன். ஆய்வகத்தின் ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்துவிட்டு, ஒரே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூலையில் செருகி, எல்லோரையும் அதன் நுனியைப் பார்க்கச் சொல்வேன். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு பையன் "நகருது சார்" என்பான். இன்னொருவன் "ஆமா, லெஃப்ட்ல போகுது" என்பான். பின்வரிசைப் பெண் "இல்ல, வட்டமா சுத்துது" என்பாள். விளக்கைப் போட்டால் ஊதுபத்தி வைத்த இடத்திலேயே புகைந்துகொண்டிருக்கும். சுற்றிலும் வேறெதுவும் தெரியாத இருட்டில் ஒற்றைப் புள்ளியைப் பார்த்தால் அது நகர்வதாகத் தோன்றுவது கண்ணின் இயல்பு. முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1935-இல் இதை வைத்து ஒரு சோதனையையே வெளியிட்டார். தனித்தனியாகக் கேட்டபோது புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். சேர்ந்து உட்காரவைத்துக் கேட்டபோது பதில்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. அசையாத புள்ளி அது. "நாங்க அஞ்சு பேரும் ஒரே மாதிரி பார்த்தோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, கண் ஏமாறும், கேமரா ஏமாறுமா?

அமெரிக்கக் கடற்படை விமானங்கள் எடுத்த மூன்று வீடியோக்களை 2020-இல் அந்நாட்டு ராணுவத் தலைமையகமான பென்டகனே அதிகாரப்பூர்வமாக வெளியிட்டது. அதில் ஒன்றில், கடலுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி சீறிக்கொண்டு போகும், விமானி உற்சாகத்தில் கத்துவார். 2015-இல் எடுத்தது. 'கோ ஃபாஸ்ட்' என்றே அதற்குப் பெயர். எனக்கு அந்த வீடியோ ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் திரை ஓரத்திலேயே எண்கள் இருக்கின்றன. விமானத்தின் உயரம் 25,000 அடி. புள்ளிக்குத் தூரம் ஓரிடத்தில் 4.4 கடல்மைல். கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது 26 டிகிரி. பத்தாம் வகுப்பில் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கிற இறக்கக்கோணக் கணக்குப் போட்டிருப்பீர்களே, அதேதான். 4.4 கடல்மைல் என்றால் சுமார் 26,700 அடி. சைன் 26 டிகிரியால் பெருக்கினால் 11,700 வரும். 25,000-இல் கழித்தால் 13,000 அடிச் சொச்சம். ஆக, புள்ளி கடலை உரசிக்கொண்டு போகவில்லை, கடலுக்கும் விமானத்துக்கும் நடுவில் இருந்தது. பின்னால் ஓடுகிற கடல் நீர், வேகமாகப் போகிற விமானத்தின் பார்வை நகர்வதால் ஓடுகிறது. நாசா அமைத்த குழு 2023-இல் கணக்குப் போட்டுச் சொன்ன வேகம் மணிக்குச் சுமார் 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர். அந்த உயரத்துக் காற்றில் மிதந்து போகிற ஏதோ ஒன்றுக்குப் போதுமான வேகம். என் மாமாவின் லாரியே காலியாக இருந்தால் அதை முந்தும்.

தூரம் தெரிந்ததும் கதை எப்படி இறங்கிவிடுகிறது பாருங்கள்.

சில சமயம் பொருளே தரைக்கு வந்து தூரப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். 2022 டிசம்பரில் தெலங்கானாவில் விகாராபாத் மாவட்டத்து வயல் ஒன்றில் விண்கலம் போன்ற பெரிய கூடு இறங்கியது, ஊரே திரண்டுவிட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்தில் வைத்திருக்கிற பலூன் தளத்திலிருந்து, ஸ்பெயினின் ஹேலோ ஸ்பேஸ் நிறுவனத்துக்காகப் பறக்கவிட்ட சோதனைக் கூடு அது. அதே வருடம் ஏப்ரலில் மகாராஷ்டிர வானத்தில் தீப்பந்தங்கள் வரிசையாக மெதுவாகப் போயின. சந்திரபூர் மாவட்டக் கிராமத்தில் பெரிய உலோக வளையம் கிடந்தது. சீன ராக்கெட்டின் உடைந்த பாகம் என்று கணித்தார்கள். 2022 டிசம்பர் 15 மாலை கிழக்கு இந்தியாவில் பலர் படம்பிடித்த ஒளி, அக்னி-5 ஏவுகணைச் சோதனை. இப்போது எனக்கு வருகிற வீடியோக்களில் முக்கால்வாசி ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்களுக்கு ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகப் போகும், பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாக அணையும். "நடுவானத்துல மறைஞ்சிடுச்சு சார்!" ஆமாம், அங்கே அவற்றுக்குச் சூரியன் அஸ்தமித்துவிட்டது.

விளக்கம் கிடைக்காதவை இல்லையா என்றால், உண்டு. யுஎஃப்ஓ தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டம் 1969-இல் மூடப்பட்டபோது கணக்கிலிருந்த 12,618 தகவல்களில் 701 விளங்காதவை. 2004-இல் கலிஃபோர்னியா கடலுக்கு மேலே டேவிட் ஃப்ரேவர் என்ற அனுபவமுள்ள கடற்படை விமானி பார்த்ததாகச் சொல்கிற வெள்ளை நீள்உருளையை வெள்ளிக் கோள் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது, பட்டப்பகலில் பார்த்தது. நம் நாட்டில் 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்து, விமானங்களை நிறுத்தி, இரண்டு ரஃபேல் போர் விமானங்கள் தேடிப்போயும் ஒன்றும் அகப்படவில்லை. இவற்றுக்கு என் பதில் "விளங்கவில்லை" என்பதோடு நிற்கும். அங்கிருந்து "அப்போ ஏலியன்தான்" என்று தாவுகிறவர்கள், போலீஸ் கண்டுபிடிக்காத திருட்டையெல்லாம் பேய் செய்தது என்றும் சொல்லலாம். பென்டகனில் இதற்கென்றே அமைத்த அலுவலகம் பழைய கோப்புகளையெல்லாம் தோண்டிவிட்டு 2024 மார்ச்சில் தந்த அறிக்கையிலும் வேற்றுகிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் இல்லை என்றே இருந்தது. அரசாங்கம் மறைக்கிறது என்று இதற்கும் ஒரு பதில் வரும். மறைக்கலாம்தான், தன் ரேடாரின் திறமையை எந்த ராணுவமும் ஊருக்குக் காட்டாது.

அதனால் இனிமேல் எனக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இப்படி எடுங்கள். ஒரு கம்பமோ வீட்டுக் கூரையோ திரையில் தெரிகிற மாதிரி, போனைச் சுவரில் சாய்த்து வைத்து எடுங்கள். மணி எத்தனை, எந்தத் திசை என்று எழுதுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று சொல்லுங்கள். முடிந்தால் உடனே ஆம்பூரிலோ ஆலங்காயத்திலோ இருக்கிற நண்பருக்குப் போன் போட்டு, அவருக்கு அது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரிகிறது என்று கேளுங்கள். இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் தெரிந்தால் அது ரொம்ப ரொம்பத் தூரம். இடம் மாறித் தெரிந்தால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே போட்டுவிடுவேன். அப்படி ஒரு வீடியோ வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் எழுப்புங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், ஜூம் பண்ணாதீர்கள். ஃபோகஸ் தப்பினால் எந்தப் புள்ளியும் லென்ஸ் திறப்பின் வடிவத்தில் உப்பிவிடும். அமெரிக்கக் கடற்படைக் கப்பலிலிருந்து எடுத்த முக்கோண வடிவப் 'பறக்கும் பொருள்' வீடியோ ஒன்று உலகமெல்லாம் சுற்றியது. 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் கடற்படை உளவுப் பிரிவு அதிகாரியே வந்து, அவை ட்ரோன்கள், இரவுநோக்கிக் கருவி வழியாகக் கேமராவில் எடுத்ததால் முக்கோணமாகத் தெரிந்தன என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் போன் லென்ஸ் வட்டம். அதனால் உங்களுக்குத் தட்டுதான் வரும்.