மோர்ட்டல் காம்பாட்டும் எங்கள் எடிட்டிங் அறையும்

சண்டைக் காட்சிகளைத் தொகுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் உதவியாளர்களுக்கு, 1995-இல் வெளிவந்த 'மோர்ட்டல் காம்பாட்' படத்திலிருந்து இரண்டு சண்டைகளை ஒலியை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். வீடியோ கேமிலிருந்து எடுத்த படம் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த விளையாட்டே எங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான ஒரு வேலையில் பிறந்தது என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1992-இல் சிகாகோவில், மிட்வே நிறுவனத்தில், எட் பூன், ஜான் டோபியாஸ் உள்ளிட்ட நால்வர் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். பாத்திரங்களைக் கையால் வரையாமல், தற்காப்புக் கலை தெரிந்தவர்களை வீடியோவில் படமெடுத்து, ஒரு குத்துக்கு வேண்டிய சில ஃபிரேம்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினார்கள். நினைவகம் குறைவு என்பதால் ஒரே நிஞ்ஜா உடையின் நிறத்தை மாற்றியே ஸ்கார்பியன், சப்-ஜீரோ, ரெப்டைல் என மூவரை உண்டாக்கினார்கள். எஞ்சிய சொற்ப ஃபிரேம்களிலும் உடல் தலைமுதல் கால்வரை முழுதாகத் தெரிந்தது. யார் அடித்தார், யாருக்கு விழுந்தது என்பதில் ஐயமே எழவில்லை. ஆடுபவருக்கோ, அடித்தது தன் விரல் என்ற உணர்வும் உண்டு. திரையரங்கில் அந்த விரலுக்கு வேலை இல்லை. ஆகவே அடி தெளிவாகத் தெரிவது ஒன்றுதான் பார்வையாளருக்கு மிஞ்சும் பிடி. இந்த விளையாட்டிலிருந்து வந்த படங்களையும் தொடர்களையும் நான் அதைக் கொண்டே அளக்கிறேன்.

பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் இயக்கிய அந்த 1995-ஆம் ஆண்டுப் படத்தில் வசனமும் கதையும் சுமார்தான். ஆனால் சோதனைத் திரையிடலில் சண்டை போதவில்லை என்று பார்வையாளர்கள் சொன்னதைக் கேட்டு, மீண்டும் படப்பிடிப்பு நடத்தியிருக்கிறார்கள். தயாரிப்புத் தரப்பு அப்படிச் செவிசாய்ப்பது எவ்வளவு அரிது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாயகன் லியூ காங்காக நடித்த ராபின் ஷூ ஹாங்காங் படங்களில் பழகியவர். ரெப்டைலுடன் மோதும் சண்டையை வடிவமைத்ததும் அவரே. ஒரு உதை கிளம்பி, போய்ச் சேர்ந்து, அடிபட்டவர் விழுவதுவரை ஷாட் அங்கே பொறுமையாகக் காத்திருக்கிறது. ஒலியே இல்லாமல் பார்த்தாலும் அடியின் கனம் புரிவது அதனால்தான்.

1997-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பாத்திரங்களின் நெரிசலைத் தவிர எனக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை. 1998-99-இல் 22 அத்தியாயங்களோடு முடிந்துபோன 'காங்க்வெஸ்ட்' தொலைக்காட்சித் தொடரை மட்டும் அவ்வளவு கடுமையாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. அத்தியாயந்தோறும் சண்டை வேண்டும், ஆனால் அதற்குரிய நாட்கள் கிடைக்காது என்ற நெருக்கடியைத் தொடர்களுக்கு வேலை செய்த காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன். டூப்பின் முகத்தை மறைக்க க்ளோஸ் ஷாட்டுக்குத் தாவுவதும், எடுக்காத அடியை எதிராளியின் முகபாவத்தால் ஈடுகட்டுவதும் அங்கே பிழைப்பு வழி.

2021-இல் சைமன் மக்வாய்ட் இயக்கிய படம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. 1617-ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கும் அதன் முதல் காட்சியில், ஸ்கார்பியனாக நடித்த ஹிரோயுகி சனாடா தோட்ட வேலைக் கருவியொன்றைக் கயிற்றில் கட்டி ஆயுதமாக்குகிறார். ஸ்கார்பியனின் புகழ்பெற்ற ஈட்டிக்கு அங்கே ஒரு குடும்பத்தலைவனின் பதற்றமும் கையிலிருந்ததை எடுத்த அவசரமும் சேர்ந்துவிடுகின்றன. எதிரி சப்-ஜீரோவாக வரும் ஜோ டாஸ்லிமின் நிதானம் அந்தப் பதற்றத்தை இன்னும் கூட்டுகிறது. இந்தத் தழுவல்கள் அனைத்திலும் ஆகச் சிறந்த பகுதி அதுவே என்பேன். அதே படம் இறுதியை நெருங்கும்போது பல சண்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வெட்டித் தாவுகிறது. ஒரு சண்டையில் மூச்சு ஏறுவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் எவர் தோற்றாலும் வலிப்பதில்லை. போதாக்குறைக்கு, விளையாட்டின் முதுகெலும்பான தற்காப்புக் கலைப் போட்டியே படத்தில் நடக்கவில்லை. விளையாட்டில் இல்லாத கோல் யங் என்பவரை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் அறைக்கு வரும் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இரத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். 1993-இல் அமெரிக்க செனட் விசாரணைவரை போய், மறு ஆண்டே வீடியோ கேம்களை வயதுவாரியாகத் தரம் பிரிக்கும் தனி வாரியம் அமைவதற்குக் காரணமானவற்றில் ஒன்று இந்த விளையாட்டின் இரத்தம். அப்படிப்பட்ட விளையாட்டிலிருந்து வந்த முதல் படம், சிறுவர்களும் பார்க்கக்கூடிய பிஜி-13 சான்றிதழுக்காக அதை ஏறக்குறைய முற்றிலும் துடைத்துவிட்டு, அமெரிக்க வசூலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு. அது பலிக்கிற நாட்கள் குறைவு. எங்களோடு தொடர்ந்து வேலை செய்யும் ஸ்டன்ட் மாஸ்டர் ஒருவர் மட்டும் ஃபுட்டேஜைக் கொடுக்கும்போதே, "வைடு ஷாட்டை மட்டும் முழுசா விட்டுடுங்க தம்பி, மத்ததை எப்படி வேணும்னாலும் வெட்டிக்குங்க" என்பார்.